சொல்லாமல் மாட்டிய பிளக்

பிள்ளைகளா, கடைக்கு யார் வண்டி கொண்டுவந்தாலும் அப்பா கால் மணி நேரம் பேசாமல் சாவியைக் கொடுக்க மாட்டார் என்று நீங்கள் மூன்று பேரும் கேலி செய்வது எனக்குத் தெரியும். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், இனி எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வந்தவரைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். "ஒரு பிளக்கு மாத்துனதுக்கு இவ்வளவு பாடமா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற பெரியவன் திரும்பிக்கொண்டு சிரித்தான். அதில் எனக்குக் கோபமில்லை. காரணம் தெரியாமல்தானே சிரிக்கிறீர்கள். அந்தக் காரணத்தை உங்களை உட்காரவைத்துச் சொல்ல இரண்டு மூன்று தடவை பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது அவசரகாலத்தில். மலாயாவுக்குச் சுதந்திரம் வரக் கொஞ்ச நாள் இருந்தது. உங்கள் அம்மாவை அப்போது நான் கட்டவில்லை. குவாலா சிலாங்கூரிலிருந்து பதினான்கு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு வேலை. மரத்திலிருந்து வெட்டிய பாலை உறையவைத்துத் தகடு போடும் இடத்தை ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரின் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எண்ணெய் விடுவேன், பெல்ட் மாற்றுவேன், நின்றுபோனால் ஓடவைப்பேன். யாரும் எனக்கு முறையாகக் கற்றுக்கொடுக்கவில்லை. கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

அந்த நாட்களில் தோட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். பால் வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் கேட்டில் வரிசையாக நிறுத்தி, உடம்பைத் தடவி, வாளியைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் மறைந்திருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக்கூடாது என்று அந்தக் கெடுபிடி. மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு பாஸ் வைத்திருப்பவரைத் தவிர யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. பூட்டினால் எங்களுக்குப் பாதுகாப்பு என்றார்கள். எங்களுக்கு அது பட்டியில் அடைத்த மாதிரித்தான் இருந்தது.

தோட்டத்தில் ஆறு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. டாக்டர் மாதம் இரண்டு தடவை வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர் ஐயாதான். மருந்து கலப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுவது எல்லாம் அவர். இங்கிலீஷ் படித்தவர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சொட்டு அழுக்குப் படவிட மாட்டார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார்.

"வெள்ளை மாத்திரை எப்ப?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுங்க."

"சாப்பிட்டா, சாப்பிடாமலா?"

"சாப்பிட்டுட்டுங்க."

"சாப்பாடு இல்லன்னா?"

"உங்க வீட்டுக்கு வந்துர்றேன் ஐயா."

இப்படிக் கிண்டல் செய்தாலும் யாரும் மருந்தை மாற்றித் தின்றதில்லை. எனக்கு அப்போது அது வீண் வேலையாகப் பட்டது. எழுதிக் கொடுத்தால் போதாதா என்று நினைப்பேன். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

தோட்டத்தின் மூன்று பிரிவுக்கும், டிவிஷன் என்போம், போய்வர நிர்வாகம் அவருக்கு ஒரு மோட்டார் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் வண்டி. அதைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டார்கள். எனக்குப் பெருமை சொல்லி மாளாது. ஸ்டோர் இன்ஜின் ஒரே இடத்தில் நின்று கத்தும். இது ஊர் சுற்றும்.

ஆனால் அந்த வண்டி அடிக்கடி நின்றது. காரணம் சாலைதான். டவுனுக்குப் போகும் பதினான்கு மைலில் ஐந்து இடத்தில் சோதனை. ஒவ்வொரு இடத்திலும் பெட்டியைத் திற, சீட்டைத் தூக்கு, பையைக் காட்டு என்று பத்து நிமிஷம் நிறுத்திவைப்பார்கள். அந்தக் காலத்தில் சாலையில் யாரும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் திரும்பக் கிளம்புமோ என்னவோ என்று பயம். நின்ற இடத்திலேயே டுக் டுக்கென்று ஓடவிட்டுக்கொண்டு நிற்பார்கள். இன்ஜின் சூடேறாமல் அப்படி ஓடினால் எண்ணெய் எரியாது, கரியாகி, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கில் அப்பிக்கொள்ளும். பொறி வராது. நான் ஊற்றியதும் ஸ்டோரின் கெட்டி எண்ணெய்.

ஒருநாள் ஐயா வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். மைல்கல்லை நாங்கள் கட்டை என்போம். மூன்றாம் கட்டைக்கும் நான்காம் கட்டைக்கும் நடுவில் வண்டி நின்றுவிட்டதாம். அதற்கு இரண்டு மாதம் முந்திதான் அந்த இடத்தில் ஒரு பஸ்ஸை நிறுத்தி எரித்திருந்தார்கள். ஐயாவின் கை கரியாக இருந்தது. வெள்ளைக் கால்சட்டையிலும் கரி. அப்படியே என் முன்னால் வந்து நின்றார்.

"ஏதாவது வழி பண்ணுப்பா," என்றார். "அந்த இடத்துல குனிஞ்சு உக்காந்து பிளக்கு கழட்டறேன், முதுகுக்குப் பின்னாடி மரத்துல யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு. இன்னொரு தடவ என்னால முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு குவாலா சிலாங்கூர் போனேன். கடைவீதியில் சைக்கிள் சாமானும் மோட்டார் சாமானும் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர். சொன்னதைக் கேட்டுவிட்டு, இரண்டு பிளக்கை எடுத்து மேஜைமேல் நிற்கவைத்தார்.

"ரெண்டும் ஒரே மரை, ஒரே நீளம். வெளிய பாத்தா அண்ணன் தம்பி. உள்ள இருக்கிற பீங்கான் மூக்கைப் பாரு."

ஒன்றில் மூக்கு குட்டை. இன்னொன்றில் நீளம்.

"குட்டை மூக்கு சூட்டை உடனே கடத்தி விட்டுடும். இது குளிர் பிளக்கு. இப்ப உன் வண்டியில இருக்கிறது இந்த ஜாதிதான். நெட்டை மூக்கு சூட்டைப் பிடிச்சு வச்சிக்கும், இது சூட்டுப் பிளக்கு. வர்ற கரியை அதுவே எரிச்சுடும். நின்னு நின்னு போற வண்டிக்கு நல்லது."

"அப்ப நெட்டையே கொடுங்க பாய்."

"குடுக்கறேன்லா. முழுசா கேட்டுக்க. இதைப் போட்டுக்கிட்டு முறுக்கி ஓட்டக் கூடாது. விடாம ஏழெட்டு மைல் முறுக்கினா உள்ள நெருப்பாயிடும், பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுந்துடும். அவசரமா போகணும்னா பழைய பிளக்கை மாட்டிக்கிட்டுப் போகணும். ஓட்டுறவர்கிட்ட சொல்லிடு."

"சொல்லிடறேன் பாய்."

"மறந்துடாத. அவரு படிச்சவருதான். ஆனா இது அவரு படிச்ச படிப்பு இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. வீடு வரும்வரை அதையே சப்பிக்கொண்டு வந்தேன். எல்லாம் தெரிந்த டிரெஸ்ஸர் ஐயாவுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிகிறது.

மறுநாள் பிளக்கை மாட்டினேன். பழையதைத் துடைத்துத் துணியில் சுற்றி என் தகர டப்பாவில் வைத்தேன். ஐயா வந்தார். "என்னப்பா செஞ்ச? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க ஐயா. ஓட்டிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

இதுதான் நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. அவரும் சிரித்து, "சரி டாக்டர்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆறு வாரம் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஐயா பார்க்கிறவர்களிடம் எல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிகூட ஒருநாள் தோளில் தட்டினார். இடையில் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரியே இல்லை. மூக்கு வெள்ளை வெளேரென்று வெளுத்திருந்தது, ஓரத்தில் அரிசி மணியைவிடச் சின்னதாகக் கொப்புளம் மாதிரி இரண்டு மூன்று. அது சூடு மீறுகிறது என்பதற்கு அடையாளம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால்தான் சரி. இன்று எந்தப் பிளக்கைப் பார்த்தாலும் எனக்குத் தெரியும். அன்று சுத்தமாக எரிகிறது என்று சந்தோஷப்பட்டு மறுபடி மாட்டிவிட்டேன். பாய் சொன்னதை ஐயாவிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்தது. இத்தனை நாள் கழித்துச் சொன்னால், 'இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை' என்று கேட்பாரே என்று விட்டுவிட்டேன்.

என்னோடு ஸ்டோரில் ஒருவன் ரோலரில் தகடு விடும் வேலை செய்தான். நானும் அவனும் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். சொந்தமில்லை, பழக்கம்தான். அவன் மனைவி அதே ஸ்டோரில் காய்ந்த தகட்டைத் தரம் பிரிப்பாள். என்னை அண்ணே என்பாள். "அண்ணே, கையக் கழுவிட்டுத் தண்ணி குடிங்க. இல்லாட்டி வயித்துக்குள்ள இன்ஜின் ஓடும்," என்று கேலி செய்வாள். அவளுக்கு அது தலைப்பிள்ளை. மாதம் நெருங்கியதும் வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தாள்.

மழையில்லாத ஒரு மாதம். புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மச்சான் ஸ்டோருக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்தே போனோம். வாசலிலேயே மருத்துவச்சியம்மாவின் முகம் சரியில்லை. பிள்ளை வந்துவிட்டது, நஞ்சுக்கொடி வரவில்லை. இரத்தம் நிற்கவில்லை. ஐயா உள்ளே இருந்தார். சற்றுக் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இங்க வச்சுப் பாக்க முடியாது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

அன்று காலையில்தான் டெலிபோன் கம்பியை எங்கேயோ அறுத்துப் போட்டிருந்தார்கள். தோட்ட மேனேஜர் துரை காரில் கோலாலம்பூர் போயிருந்தார். லோரி தகடு ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டது. இருந்தது ஸ்கூட்டர் ஒன்றுதான். ஊரடங்கு நேரத்திலும் செல்லும் பாஸ் ஐயாவிடம் மட்டும்தான் இருந்தது. டவுனில் டாக்டரிடம் நிலைமையைச் சொல்லி ஆம்புலன்ஸைக் கையோடு கூட்டிவர அவரால்தான் முடியும்.

"மணி மூணேகால். விரட்டிப் போனா ஒரு மணி நேரம். அஞ்சுக்குள்ள ஆம்புலன்ஸோட வந்துடுவேன்," என்று மச்சானிடம் சொன்னார். மருத்துவச்சியம்மாவிடம் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அவசரத்திலும் திருப்பிச் சொல்லவைத்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

பிள்ளைகளா, இனிமேல் சொல்வதுதான் எனக்குச் சொல்ல வராதது.

வண்டி போன சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் எப்போதும் நிதானமாகப் போகிறவர். அன்று போன சத்தம் வேறு. முறுக்கியது முறுக்கியபடி, ஒரே குரலில் கீச்சென்று போயிற்று. அந்தச் சத்தம் காதில் விழுந்த உடனே பாய் மேஜைமேல் நிற்கவைத்த இரண்டு பிளக்கும் என் கண்முன் வந்தன.

ஆஸ்பத்திரிக்கும் கேட்டுக்கும் நடுவில் கால் மைல்தான். கேட்டில் வண்டி நின்றது எனக்குக் கேட்டது. டுக் டுக்கென்று நின்றபடி ஓடும் சத்தம். புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். எப்படியும் ஐந்து நிமிஷம் ஆகும். ஓடினால் பிடித்துவிடலாம். குளிர் பிளக் ஸ்டோரில் என் டப்பாவில்தான் இருந்தது. ஸ்டோர் கேட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. மாற்ற மூன்று நிமிஷம் போதும்.

நான் ஓர் அடி எடுத்துவைத்தேன். அப்போது மச்சான் என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"வண்டி நல்லாத்தான இருக்கு மச்சான்? வழியில நின்னுடாதே?"

ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கிராணி நின்றார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நின்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓடினால் ஏன் ஓடுகிறான் என்று கேட்பார்கள். பிளக்கை மாற்ற ஓடினேன் என்றால், மாற்ற வேண்டிய பிளக்கை ஏன் மாட்டினாய் என்பார்கள். இது ஐயாவுக்குத் தெரியுமா என்பார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குள் ஓடிற்று. மண்டோர் வேறு எனக்காகப் பதில் சொன்னார்: "இவன் பாத்த வண்டி எங்கய்யா நிக்கும்? ஆறு வாரமா கடிகாரம் மாதிரி ஓடுது."

"நல்லா இருக்கு மச்சான்," என்றேன். "ஒண்ணும் ஆகாது."

பதினான்கு மைல்தானே, நடுவில் ஐந்து இடத்தில் நிற்கும், சூடு ஆறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டில் டுக் டுக்கென்ற சத்தம் மாறிக் கீச்சென்று எழும்பி, மரங்களுக்குள் போய் மறைந்தது. பிறகுதான் தெரிந்தது, பிரசவக் கேஸ் என்று ஐயா சொன்னதும் கேட்டில் நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் போலீஸ் பெட்டியைக்கூடத் திறக்காமல் விட்டானாம். அடுத்த இரண்டு இடத்திலும் அப்படியே கையை வீசி விட்டிருக்கிறார்கள். அவசரம் என்று தெரிந்து எல்லாரும் உதவிதான் செய்தார்கள். அவர்கள் செய்த உதவியில் இன்ஜினுக்கு ஆற நேரமே கிடைக்கவில்லை.

நாலரை மணியானது. ஐந்து மணியானது. மச்சான் சாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "டவுன்ல ஆம்புலன்ஸ் இல்லையோ என்னவோ," என்றான். "டாக்டர் கையெழுத்துப் போட நேரம் ஆகும்லா," என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஒருதடவை மருத்துவச்சியம்மா என்னை உள்ளே கூப்பிட்டு வெந்நீர்ப் பானையை இறக்கச் சொன்னார். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். முகம் மெழுகு மாதிரி இருந்தது.

"அண்ணே, வண்டி வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கும்மா."

"புள்ளைக்குக் குளிருது. துணி போடச் சொல்லுங்க."

குழந்தை நன்றாகத்தான் சுற்றிக் கிடந்தது. குளிர் அவளுக்கு.

ஐந்தரைக்கு, "சைக்கிளில் போய்ப் பார்க்கிறேன்," என்று கிராணியிடம் கேட்டேன். அப்போதும் பிளக்கைப் பற்றிச் சொல்லவில்லை. "ஆறு மணிக்கு ரோட்டுல நின்னா சுட்டுடுவான். ஏற்கெனவே ஒருத்தரைக் காணோம், அது போதும்யா," என்று மறுத்துவிட்டார். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டும் மணி அடித்தது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் மருத்துவச்சியம்மா வெளியே வந்து, மச்சானைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் புரிந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

ஆம்புலன்ஸ் முன்னும் பின்னும் போலீஸ் வண்டியோடு வந்தபோது மணி ஏழு. ஐயா அதிலிருந்து இறங்கினார். முழங்கால் வரை புழுதி. தோட்டத்திலிருந்து ஒன்பதாம் மைலில் வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டதாம். உதைத்துப் பார்த்திருக்கிறார், பிளக்கைக் கழற்றித் துடைத்தும் பார்த்திருக்கிறார். பிறகு அங்கேயே போட்டுவிட்டு, முன்பு எந்த இடத்தில் குனிந்து உட்கார முடியாது என்றாரோ அதைப் போன்ற ரப்பர் காட்டு வழியில் தனியாக மூன்று மைல் ஓடியும் நடந்தும் ஒரு போலீஸ் நிலையத்தைப் பிடித்திருக்கிறார். அங்கே போலீஸ் துணை கிடைக்கக் காத்திருந்ததில் மீதி நேரம் போயிற்று. உள்ளே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். குழாயடியில் போய் நின்று வெகுநேரம் கை கழுவினார்.

மூன்றாம் நாள் ஸ்கூட்டரை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் தலையைக் கழற்றினேன். பிஸ்டன் நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு உருகி ஓட்டை. ஐயா பக்கத்தில் நின்றார்.

"என்னப்பா?"

"பிஸ்டன் ஓட்டை விழுந்துடுச்சுங்க."

"பழசாயிருக்கும். நானும் அன்னிக்கு ரொம்ப முறுக்கிட்டேன். என் மேலதான் தப்பு."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு எதிரில் நின்றார். நான் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினேன்.

பதினாறாம் நாள் கருமாதி. அரிசி ரேஷன் காலம், லயத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு கை அரிசி கொடுத்து, பொதுவில் சோறு ஆக்கினார்கள். மச்சான் முதல் இலையை எனக்குத்தான் போட்டான். மொட்டைத் தலையோடு நின்று, "அன்னிக்கு என்னை விட்டுப் போகாம கூடவே நின்னது நீ ஒருத்தன்தான் மச்சான்," என்றான். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன். முழுதும் சாப்பிட்டேன். மறுசோறு வைத்தபோது வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

குழந்தையைச் சுங்கை பஞ்சாங்கில் இருந்த தன் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, கொஞ்ச நாளில் அவனும் அங்கேயே போய்விட்டான். பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. ஐயாவும் மறு மாதம் கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். லோரியில் சாமான் ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். என் தோளைத் தொட்டு, "வண்டியை நல்லா பாத்துக்க," என்றார். அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

வண்டி நிற்காமல் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்கே தெரியாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட நாட்களும் உண்டு. ஆனால் அந்தப் பிளக்கைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லை என்பது எனக்குத் தெரியும். நின்று நின்று போகும் வண்டிக்கு அதுதான் சரி. பிளக்கோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய ஒரு வார்த்தையை நான் எனக்கென்று வைத்துக்கொண்டேன். பிறகு ஓடிப்போய்ச் சொல்லக்கூடிய தூரத்தில் ஐயா நின்றபோதும் வெட்கப்பட்டு விழுங்கினேன். என் கடையில் வண்டி விடுகிறவர்கள் எத்தனை முகம் சுளித்தாலும் நான் சொல்வதை நிறுத்தாததற்குக் காரணம் இதுதான். ஐயா, மச்சான், அவன் மனைவி என்று அந்த மூன்று பேரில் ஒருவரிடமும் சொல்லாததை உங்கள் மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.

புது பிஸ்டன் வந்துசேர இரண்டு மாதமாயிற்று. அடுத்த டிரெஸ்ஸர் இன்னும் வரவில்லை. ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், ஸ்டோரில் தனியாக உட்கார்ந்து இன்ஜினைப் பூட்டினேன். டப்பாவில் துணி சுற்றி வைத்திருந்த குளிர் பிளக்கை எடுத்து, இடைவெளி பார்த்து, மாட்டினேன். கிளப்பினேன், ஓடிற்று. அணைத்தேன். பிறகு எழுந்து, ஐயா வழக்கமாக ஏறும் பக்கத்தில் போய் நின்று, ஆளில்லாத அந்தச் சீட்டைப் பார்த்து, அன்றே சொல்லியிருக்க வேண்டியதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன்: "ஐயா, நான் போட்டது சூட்டுப் பிளக்குங்க. அவசரம்னா இதைப் போட்டுக்கிட்டு முறுக்கி ஓட்டாதீங்க. எங்க, ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க."